ஊசி போட்டவன் பற்றவைத்த அடுப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவைக்கே போர்மேன் ஆனேன். பட்டம் வாங்கியவர்களும் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். கொரோனாவில் கம்பெனியைப் பூட்டியதும், இத்தனை அறிவும் வீணாகிறதே என்று வாட்ஸ்அப்பில் இறக்கினேன்.

தடுப்பூசியில் காந்தம் இருப்பதாக யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். காந்தம் இருந்தால் மின்சாரமும் இருக்கத்தானே செய்யும்? கலவை அறைக்குள் நுழையுமுன், வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவோம். ஊசி போட்டவனுக்கு அது இறங்காது, வெடிமருந்தில் கை வைத்தால் அறையே பறந்துவிடும் என்று நானே கண்டுபிடித்து, பேசி அனுப்பினேன். அது காரியாபட்டி வரை போய், என் சம்பந்தி மூலம் எனக்கே திரும்பி வந்தது. குரல் கம்பீரமாக இருந்ததால் இரண்டு தடவை கேட்டேன்.

அந்த வாரமே எங்கள் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். அதே கம்பெனியில் பட்டாசுத் திரி வெட்டும் என் மனைவிக்கும் சர்க்கரை. பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள், கிளம்பு என்றேன்.

"ஊசியப் போட்டுட்டு, கம்பெனி தொறந்ததும் நான் எப்படித் திரி வெட்டப் போறது? வெடிச்சுச் செதறவா?"

"ஏ புள்ள, அது சும்மா சொன்னது."

"போர்மேன் சும்மா சொல்வாகளாக்கும்?"

முப்பது வருடத்தில் என் பேச்சு ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. கேட்பதற்கு இதைப் போய்ப் பொறுக்கினாள்.

"அப்ப மொதல்ல நீக போட்டுட்டு வாங்க. வந்து நம்ம கேஸ் அடுப்பப் பத்த வைங்க. பாப்போம்."

போட்டுக்கொண்டு வந்தேன். அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறு பேரும் பத்தடி தள்ளித் தெருவில் நின்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், அடுப்பைத் திருகுமுன் நானே செம்புக் குடத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டேன். சொன்னவன் சாதாரண ஆளா?

அடுப்பு எரிந்தது. நானும் முழுதாக நின்றேன்.

"பத்த வச்சது பத்த வச்சீக, அப்படியே ஏழு டீயப் போடுங்க!" என்றாள் தெருவிலிருந்து.

போட்டேன். என் வாழ்க்கையில் முதல் டீ. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தவள், "இதுக்கு ஊசியே தேவலாம், வாங்கத்தா" என்று ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

எங்கள் தெருவில் ஒரே நாளில் ஏழு பேரை ஊசிக்கு அனுப்பியவன் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.