அண்ணன் எங்களை இறக்கிவிட்ட இடம்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். காரியத்தன்று பந்தலில் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. அண்ணன் மகனைக் காட்டி, "அப்பன முழுங்கின புள்ள" என்றார்கள். மொட்டைத் தலையோடு தவழ்ந்துகொண்டிருந்த ஒரு வயதுக் குழந்தை அது. நடந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் கருங்குழியில் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை விட்டு லாரியில் கிளீனராக ஏறினார். ஓட்டக் கற்றுக்கொண்டு, செங்கல்பட்டில் பழைய கார் ஒன்றை வாங்கி, மகாபலிபுரத்துக்கு வாடகைக்கு ஓட்டினார். அந்த வருமானத்தில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். ஒத்துக்கொண்ட சவாரிக்கு ஒருநாளும் அவர் போகாமல் இருந்ததில்லை.

கடற்கரை உப்புக் காற்று காரின் அடிப்பாகத்தை அரித்திருந்தது. பின்பக்கம் வண்டியின் எடையைத் தாங்கும் கமான் பட்டை உடைந்துவிட்டது. இடது பின்சக்கரம் வேறு உறுமியது. மகனுக்குக் குலதெய்வம் கோயிலில் முடியிறக்க நாள் குறித்ததும், "குடும்பத்த ஏத்திகினு போற வண்டி, நானே பாக்கறேன்" என்று வாசலிலேயே காரை ஜாக்கியில் தூக்கினார். புதுப் பட்டைகளைப் போட்டார். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றிப் பேரிங்கை மாற்றினார். சின்னச் சாமான்களெல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை விடிந்தும் வேலை முடியவில்லை. "இன்னாடா இன்னும் நோண்டிகினு கீற? ஏழரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி வாசலத் தாண்டணும்" என்று பெரியப்பா விரட்டினார். அண்ணன் அவசரமாகச் சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினார். எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி புறப்பட்டது. அண்ணியின் தம்பி ஓட்டினார். அண்ணி, குழந்தை, பெரியப்பா, பெரியம்மா, நான் என்று காருக்குள் ஆறு பேர். இடமில்லாததால் அண்ணன் குளித்துவிட்டுப் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வழியெல்லாம் பின்னால் 'கடக் கடக்' என்றது. "புது சாமான், அப்டித்தான் கத்தும்" என்றார் பெரியப்பா.

திருக்கழுக்குன்றத்தில் பூ வாங்க நிறுத்தியிருந்தோம். எதிர்வீட்டு பாயின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அண்ணன் வந்து சேர்ந்தார். கையெல்லாம் கிரீஸ், முகம் வெளுத்திருந்தது. "எறங்குங்க! கொழந்தைய மொதல்ல எறக்குங்க!" என்று கத்தினார். ஹப்பின் பெரிய நட்டு கழலாமல் பிடித்துக்கொள்ளும் லாக் வாஷர், போடாமலேயே தட்டின் அடியில் கிடந்ததாம்.

"வண்டி கெடக்குது, வுடுங்க. நீங்களும் எங்களோட பஸ்ல வாங்க" என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்தார்.

"நாளைக்கு கல்யாண சவாரி ஒத்துகினு கீறேன். வெறும் வண்டிதான, மெள்ள உருட்டிகினு போயி, ஜாக்கி, ஸ்பேனர்லாம் வூட்லதான் கீது, அங்க வாஷர மாட்டிகினு வந்துடறேன். நீங்க மொட்டைய முடிங்க."

கிரீஸ் படாமல் புறங்கையால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார். பாய் துணைக்குப் பின்னாலேயே போனார். போகாதீங்க என்று இன்னும் உரக்கக் கத்தியிருக்க வேண்டும் என்று அண்ணி இன்றைக்கும் அழுகிறார்.

கடலோரக் கோயிலில் தாய்மாமன் மடியில் முடியிறக்கினார்கள். குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை. பொங்கல் ஆறியது. வெயில் சாய்ந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அண்ணி எழுந்து ஓடினார். பாய் தனியாக வந்திருந்தார். சட்டை முழுக்க ரத்தம்.

"மெள்ளத்தான் போனாரு தங்கச்சி. ஏரிக்கரையில எதிர்க்க வந்த லாரிக்கு ஒதுங்கினாரு. சக்கரம் கழண்டுகிச்சு. வண்டி கரையிலேர்ந்து உருண்டு..."



அண்ணனைத் தன் மடியில் கிடத்திக்கொண்ட பாய்க்கும், ஏரியில் இறங்கித் தூக்கிய வயல்காட்டு மக்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற லாரிக்காரருக்கும், கல்யாண வீடென்றும் பாராமல் மாலையோடு வந்து நின்ற அந்தச் சவாரி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மற்ற உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணனை முழுங்கியது யார் என்று பேசித்தான் ஆக வேண்டுமென்றால், அன்று அந்தக் காரிலிருந்து உயிரோடு இறங்கிய ஆறு பேரையும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, என்னிடமிருந்து தொடங்குங்கள்.