நாலு தலையணையும் ஒரு வரியும்

நெய்வேலியில் ஒப்பந்தக்காரர்கள் சேர்ந்து நடத்திய அன்னலட்சுமி பிரசவ விடுதியில், 1963இல், தமயந்தியின் ஆறு நாள் குழந்தை தொப்புளில் சீழ் வைத்துச் செத்துப்போயிற்று. எப்படி என்று யாரும் தேடவில்லை. தலைமை நர்ஸ் ஜானகியம்மாள் அன்றைக்கே வார்டு பதிவேட்டில் எழுதிவிட்டாள்: 'காலனி நர்ஸ் சாமியம்மாளின் சுத்தக் குறைவால்.'

சாமியம்மாள் காடாம்புலியூர்ச் சேரியிலிருந்து வந்து, கடலூரில் இரண்டு வருஷம் பயிற்சி பெற்றுத் தேறியவள். அந்த ஒரு வரி இருக்கிறவரை தனக்குப் பேர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதை அடிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

டாக்டர் தெய்வசிகாமணியிடம் போய் நின்றாள்.

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க ஐயா. கண்ணால பாருங்க."

நாலு தலையணைகளை வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தைகள் மாதிரி நாலு கட்டிலில் கிடத்தினாள். முதல் தலையணையின் தொப்புள் இடத்தில், துணிக்குப் போடும் நீலத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினாள். நாலாவது கட்டில் கக்கூஸ் ஓரம். காலனிப் பெண்களுக்கென்று ஒதுக்கியது.

"தினம் எப்படிக் கட்டுப் போடுவோமோ அப்படியே போடணும். நீலத்தைச் சீழ்னு வச்சுக்குங்க, அது எங்க போவுதுன்னு பாருங்க."

முதலில் அவளே செய்தாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவே சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை தேய்த்துக் கழுவினாள். மற்ற மூன்று தலையணைகளும் வெள்ளையாகவே இருந்தன.

துணி மாற்றி, மறுபடி நீலம் தடவியதும் ஜானகியம்மாள் வந்தாள்.

"இவகிட்ட நான் பாடம் படிக்கணுமா? சரி, தள்ளு."

முதல் கட்டில், இரண்டாவது, மூன்றாவது. நடுவில் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. நாலாவதைத் தொட்டு முடித்ததும் தொட்டிக்கு ஓடி, முழங்கை வரை இரண்டு தடவை சோப்புப் போட்டாள். கிடந்தது தலையணை என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. அது காலனிக் கட்டில். கழுவிய கைகளைத் தூக்கிக் காட்டினாள்.

இளைய நர்ஸ் விஜயகுமாரி அடக்க முடியாமல் சொன்னாள்: "கை வெளுத்துப்போச்சுக்கா. புள்ளைங்க நாலும் நீலமாயிடுச்சு."

ஜானகியம்மாளுக்குக் கழுவத் தெரியாமல் இல்லை. தன் சாதியைக் காப்பாற்றக் கழுவினாள். குழந்தையைக் காப்பாற்றக் கழுவவில்லை.

டாக்டருக்கு இந்த வழி பிடித்துப்போயிற்று. மாதம் ஒரு நாள் நீல வகுப்பு வைத்தார். அதன்பின் வருஷம் முழுக்க ஒரு தொப்புள்கூடச் சீழ் பிடிக்கவில்லை. வகுப்பு நடத்தியது ஜானகியம்மாள். தலைமை நர்ஸ் அவள்தானே. தலையணை உறைகளைத் துவைத்தது சாமியம்மாள்.

சாமியம்மாள் வார்டு பதிவேட்டை எடுத்துவந்து டாக்டர் மேசைமேல் விரித்து வைத்தாள். "அந்த வரியை அடிச்சிடுங்க ஐயா."

"பழசைக் கிளறாதே. உன்னை வேலையை விட்டா அனுப்பிட்டோம்?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே அந்த வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

மறுவாரம் வேலைநீக்க உத்தரவு வந்தது. குற்றம், பதிவேட்டைத் திருத்தியது. குழந்தை செத்ததற்காக அந்த விடுதியில் யாரையும் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

ஊரை விட்டுப் போகுமுன் சாமியம்மாள் தமயந்தியின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். நடந்ததை அவளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று கதவைத் தட்டினாள். சன்னல் மட்டும் திறந்தது.

"எம் புள்ளையத் தொட்ட கை அது," என்றாள் தமயந்தி. "கதவுமேல வைக்காதே."

சன்னலும் மூடிக்கொண்டது.