மூணாவது ஆளுக்கு மட்டும்

அன்று அந்த வாடகைக் காரில் இருந்தது டிரைவர், நான், பிரசவ வலியோடு என் மனைவி, மூன்றே பேர். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரைவர் குள்ளமானவர், தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார். வளைவு வந்தால் கதவை ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் கீதா அண்ணே?" என்றேன்.

"கீது. மூணாவது ஆளுக்கு மட்டும்."

எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது அவள். "எம் பொஞ்சாதிக்கு இருந்தா போதும்" என்றேன்.

அவர் சிரித்தார். "வண்டியில கீறவங்களுக்கு இல்ல நைனா. நாம இடிச்சா, ரோட்டுல அடிபடறவனுக்கு."

அதன்பிறகு எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன்மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக் காருக்கு முன்னால் கூட்டிப்போனேன். அவர் தலையை நீட்டி, "இப்ப ரெண்டு பேருமே மூணாவது ஆளுதான். தைரியமா போ" என்றார்.

ஆறுதல் சொன்னாரா, கிண்டல் பண்ணினாரா, இன்னும் எனக்குப் புரியவில்லை.