பூப்போல இருந்த ஸ்டியரிங்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு சின்னப் பிக்கப் வேன் ஓட்டினேன். முக்கால் டன் ஏற்றலாம் என்று அதன் கதவில் எழுதியிருக்கும். நான் அதைப் பார்த்ததே இல்லை. இடம் இருந்தால் ஏற்றுவேன்.

ஒரு தை மாதக் காலையில் கல்யாணச் சீர் ஏற்றக் கானாடுகாத்தான் போனேன். பித்தளை அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுப் பின்கதவோரம் அடுக்கினார்கள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்ததும் தயங்கினேன்.

“பாதி வண்டி காலியாத்தானே கெடக்கு, ஏன் யோசிக்கிறீக?” என்றார் பெண்ணின் தாயார். இரும்புப் பெட்டியும் பின்னாலேயே ஏறியது.

சாலையில் பனி விலகவில்லை. ஸ்டியரிங் பூப்போல லேசாக இருந்தது. அண்டாக்கள் மெல்ல முணுமுணுத்தன. படகில் மிதப்பது போன்ற சுகத்தில் சொக்கிப்போய் ஓட்டினேன். ஊருணி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பனியும் தண்ணீரும் ஒரே வெண்மையாக எதிரே வந்தன. கரையில் நின்ற கருவேல மரம்தான் வண்டியைத் தடுத்து நிறுத்தியது.

“அது சுகமில்லண்ணே. பின்பாரம் முன்பக்கத்தத் தூக்கி, முன்சக்கரம் தரையிலயே பாவல” என்றார், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வண்டியைப் பார்த்த மெக்கானிக்.

இப்போது கதவில் உள்ளதைப் படித்துவிட்டுத்தான், கனமானதை முன்னால் தள்ளி ஏற்றுகிறேன். ஸ்டியரிங் எப்போதாவது சுகமாக இருந்தால், வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுகிறேன்.