அட்டைக்கு அடியில் எஸ்தரின் பெயர்

எங்கள் பள்ளி ஆயா செங்கேணி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எஸ்தரம்மா பூட்டாங்க. வூட்டாண்ட ஜனமா கீது" என்றாள். மஞ்சள் காமாலை என்று பத்து நாளாக லீவில் இருந்தவள். கரும்பலகையில் பாதிக் கணக்கு நின்றிருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எஸ்தர் எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை; நான் கணக்கு. தாம்பரத்தில் உங்களில் பலருக்கு அவளைக் கல்யாணப் பத்திரிகையும் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் அச்சடித்துத் தந்த டீச்சராகத்தான் தெரியும். அவள் எப்பேர்ப்பட்ட ஸ்க்ரீன் பிரிண்ட் கலைஞர் என்பது தெரியாது. தெரியாமல் போனதற்கு ஒரு மனிதர் காரணம். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவள் பெயரை அவர் எழுதவில்லை, நானும் அவர் பெயரை எழுதுவதாக இல்லை.

அறுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் பல்லாவரம் கல்குவாரிக்குப் போய், ஜல்லி உடைக்கும் பெண்களை வரைந்துகொண்டு வருவாள். அதை நான்கு நிறங்களில் அச்சிட்டாள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி, நிறத்துக்கு ஒன்று. அதில் மையை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுக்க வேண்டும். சட்டம் அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. "மூச்சு விடாதே கமலா. கணக்கு டீச்சர் மூச்சுகூட கனமா இருக்கு" என்பாள்.

இருபது பிரதிகள் மட்டும் என்பது அவள் முடிவு. ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் பென்சிலால் எண்ணையும் தன் பெயரையும் எழுதினாள். மூன்று தாள்கள் மிஞ்சின. ஒன்றை எனக்குத் தரச் சொன்னேன். என் கண்ணெதிரே மூன்றையும் கிழித்தாள். "இருபதுன்னு எழுதிட்டேன். இருபத்தொண்ணு இருந்தா நான் பொய்க்காரி" என்றாள். பிறகு துணிகளிலிருந்த படத்தையும் சுத்தமாகக் கழுவிவிட்டாள். இனி யாராலும் அதை அச்சிட முடியாது. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த மனிதர் அப்போது இளம் ஓவியர்களுக்காக நகரத்தில் ஒரு கண்காட்சி நடத்தினார். அவரும் ஓவியர்தான். பிரேம் போட்டு வைக்கிறேன் என்று இருபதையும் வாங்கிப் போனார். திறப்பு நாளன்று நானும் எஸ்தரும் புதுப்புடவை கட்டிக்கொண்டு மின்சார ரயிலில் போனோம். படத்தைச் சுற்றி வைத்திருந்த மவுண்ட் அட்டை கீழ் ஓரத்தை முழுக்க மூடியிருந்தது. அட்டையின் மேல் அவருடைய கையெழுத்து. இருபதிலும் அப்படித்தான்.

"சார், என் பேர் உள்ளே போயிடுச்சே" என்றாள் எஸ்தர்.

"நாமெல்லாம் ஒரே குரூப்தானே எஸ்தர். அடுத்த ஷோவில பாத்துக்கலாம்" என்றார் அவர்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பெரிய இடம், பகை வேண்டாம், விடு" என்று சொன்னவள் நான்தான். அந்த மனிதருக்குப் பேரும் புகழும் வாங்கித் தந்தவை அந்த இருபது படங்கள். எஸ்தர் அதன்பிறகு கல்யாணப் பத்திரிகையோடு நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "கை இருக்கு கமலா, ஆசைதான் போயிடுச்சு" என்றாள். அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் அவரிடமிருந்து இரங்கல் கடிதம் வந்தது. "எனக்கு அச்சு வேலையில் உதவிய சகோதரி" என்று எழுதியிருந்தார். எஸ்தரின் தம்பிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. பிரமுகர் ஆயிற்றே என்று அவரையே இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க அழைத்துவிட்டார். நினைவு மலர் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நல்லதாகப் போயிற்று.

சேலையூரில் ஒரு டாக்டர் வீட்டு முன்னறையில் அந்தப் படம் மாட்டியிருப்பது எனக்குத் தெரியும். போய் விஷயத்தைச் சொன்னேன். அவரே பிரேமைக் கழற்றினார். அட்டையை எடுத்ததும் பென்சில் எழுத்து நேற்று எழுதியதுபோல் இருந்தது. ஏழாம் பிரதி, எஸ்தர் ஞானமணி. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "படம் வாங்கின அன்னிக்கு வேற யாருக்கோ கை குடுத்துட்டு வந்தேனேம்மா" என்றார். அட்டை இல்லாமல் புதிதாகப் பிரேம் போட்டு அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பியும் விட்டார்.

எஸ்தரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்தத் தாள்களைக் கிழித்த பிடிவாதத்தை. அவள் உயிரோடு இருந்தபோதே அது எனக்கு வந்திருக்க வேண்டும். மற்றப் படங்களில் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.

இந்த மலர் கூட்டம் தொடங்கிய பிறகுதான் உங்கள் கைக்கு வரும். தலைவருக்கு மட்டும் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் உட்கார்ந்த பிறகு, நாற்காலிக்குப் பின்னால் டாக்டரின் படத்தை மாட்டுவார்கள். அவர் எழுந்து எஸ்தரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது எல்லோரும் படத்தின் கீழ் ஓரத்தையே பாருங்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.