சகலை வீட்டுப் பெட்டி

ஹெட்போனின் காதுப் பஞ்சில் மல்லிகை வாசம். அதற்கு அடியில் தேங்காயெண்ணெய். அதற்கும் அடியில் துடைத்தால் போகாத லேசான வியர்வை. தலையில் மாட்டும் முன் ஒரு நொடி மோந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. என் மனைவியின் கூந்தல் வாசம்தான். ஆனால் அது இந்தப் பஞ்சில் முதன்முதலாக ஏறியது என் வீட்டில் அல்ல. என் சகலை வீட்டில். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சுக்குள் ஓர் எறும்பு ஊர்கிறது.

சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அதிகாரி. பகலெல்லாம் நூல் சுற்றும் கதிர்களின் இரைச்சலுக்குள் நின்றுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்குள் சத்தத்தைச் சல்லடையில் போட்டுச் சலித்துக் கேட்பார். நான் திண்டுக்கல்லில் தமிழ் வாத்தியார். கவிதை வரிகளை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு வீட்டுக்குள் நடப்பவன். உட்கார்ந்தால் எனக்கு ஒரு சொல்லும் வராது.

எங்கள் மாமனார் வீட்டில் மருமகன்களுக்குள் வித்தியாசம் கிடையாது. எனக்குச் சந்தன நிறச் சட்டை என்றால் அவருக்கும் சந்தன நிறம். கோழிக் குழம்பில் எனக்கு ஒரு கால் விழுந்தால் மற்றக் கால் அவர் இலைக்குப் போகும். வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சினன் விடுமுறைக்கு வந்தபோதும் அப்படித்தான். ஒரே மாதிரி இரண்டு ஹெட்போன். மாமியார் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக ஏந்தி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நீட்டினார். முந்திக் கொடுத்தால்கூட வருத்தம் வந்துவிடுமாம்.

காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன். டப்பாவில் முந்நூறு ஓம் என்று அச்சடித்திருந்தது. முந்நூறு என்றதும் எனக்கு ஒரே பெருமை, பரீட்சையில் எடுத்த மார்க்கைப் போல. அது அந்த ஹெட்போனின் பசி என்பது தெரியவில்லை.

அந்த ஈஸ்டருக்கு என் மனைவி கோயில் பாடகர் குழுவில் ஒரு பாட்டைத் தனியாகப் பாடுவதாக இருந்தது. வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். அறைக் கதவை இழுத்து மூடும் முன் தலையை மட்டும் நீட்டி, “செத்த நேரம் வாயத் தொறக்காம இருங்க” என்றாள். நான் திறக்கவில்லை. முன்னறையில் ஒரு வரிக்காக நடந்துகொண்டிருந்தேன்.

பாடி முடித்ததும் அவளுக்கு அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். என் மடிக்கணினியில் ஹெட்போனைச் செருகி, மகுடம் சூட்டுவது போல அவள் தலையில் மாட்டினேன். கேட்டாள். முகம் சுருங்கியது.

“என் தொண்டையா இது? கொசு பாடுற மாதிரியில்ல இருக்கு.”

சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினேன். கொசு கொஞ்சம் கிட்டே வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனோம். கூடத்து மூலையில் சகலையின் மேசை. கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மீது என் கண் படவில்லை. பட்டது அந்த ஹெட்போன் மீதுதான். என்னுடையதன் இரட்டைப் பிறவி. நாங்கள் கொண்டுபோயிருந்த பாட்டை அவர் முதலில் தன் காதில் வைத்துச் சத்தத்தைச் சரிபார்த்தார். நடுவில் சிரித்தார். பிறகு, “இந்தாங்க மதினி, கேளுங்க” என்று என் மனைவியிடம் கொடுத்தார்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். தோள்கள் இறங்கின. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத ஒரு நிம்மதி, மழைக்கு முந்தின இருட்டைப் போல, அந்த முகத்தில் கவிந்தது. நடுவில், ஏறக்குறைய சகலை சிரித்த அதே இடத்தில், அவளும் களுக்கென்று சிரித்தாள். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று என் தலைக்கு மேலே பறந்துபோனது.

“என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்லங்க. நீங்களே கேட்டுப் பாருங்க.”

சகலை நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கண்ணே.”

அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தயவில், என் மனைவியின் குரலைக் கேட்பதா? “எங்க வீட்லயும் இதே ஹெட்போன்தான இருக்கு. அங்க கேட்டுக்கிறேன்” என்று வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே கொழுந்தியாள், யாரும் கேட்காமலே, “மச்சானுக்கு மூக்கு வேர்த்துருச்சு” என்றது என் காதில் விழுந்தது. அதற்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை.

வீட்டில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்பு இல்லை. கொசு மூச்சு வாங்கியது, கொசு மேலே ஏறியது, கொசு ஆமென் சொன்னது. அப்படி என்ன கேட்டிருப்பாள்? கேட்டால், “கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்” என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என் வீட்டில், என் கூரைக்குக் கீழே பாடின பாட்டுக்குள் ஒரு ரகசியம். அதற்குச் சாவி இன்னொருவன் வீட்டில். சோறு இறங்கவில்லை. வெஞ்சனத்தில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

சம பங்கிலேயே பழகிய புத்தி வேறு எப்படி ஓடும்? மாமியார் வலது கையில் இருந்ததை அவருக்கு நீட்டினார், இடது கையில் இருந்ததை எனக்கு. நல்லது அங்கே போய்விட்டது. மாமனார் வீட்டு விசேஷம் ஒன்று வந்தபோது என் ஹெட்போனைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவருடையதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அய்யலூர்ச் சந்தையில் ஒரே ஈத்து ஆட்டுக்குட்டிகள் இரண்டில் எது கனம் என்று இடுப்பைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி இரண்டையும் இரு கையில் தூக்கிப் பார்த்தேன்.

“மாத்திக்குவமா சகலை?”

“ரெண்டும் ஒண்ணுதாண்ணே” என்று சிரித்தார். “வேணும்னா எடுத்துக்கங்க.”

எவ்வளவு சுலபமாகக் கொடுத்தார்! அந்தச் சுலபம்தான் எரிந்தது. வீட்டுக்கு வந்து மாட்டப்போனபோதுதான் அந்த மல்லிகை வாசம். மோந்தபடியே நின்றேன். பிறகு பாட்டைப் போட்டேன். அதே கொசு. மல்லிகை மணக்கும் கொசு.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் போய் ஒரு சவுண்ட் கார்டு வாங்கினேன், விரல் நீளத்தில். “எந்த ஹெட்போனுக்கு சார்?” என்றார் கடைக்காரர். “நல்ல ஹெட்போனுக்கு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பில் போட்டார். அதில் கொசுவின் குரல் சுத்தமானது. இரைச்சல் போனது, எழுத்துகள் தெளிந்தன. ஆனால் உடம்பு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பாடினாள்.

நான் அடங்கமாட்டேன் என்று தெரிந்தோ என்னவோ, என் மனைவி ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத் தங்கையையும் சகலையையும் அழைத்தாள். “அந்தப் பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லு” என்று தங்கையிடம் போனில் சொன்னது எனக்குக் கேட்டது.

சாப்பிட்டுக் கை காயும் முன்பே சகலை என் மேசையில் பெட்டியை வைத்துவிட்டார். விரல் நீளக் கார்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“அண்ணே, இது சின்ன இயர்போனுக்குப் போதும். உங்க ஹெட்போன் முந்நூறு ஓம். வோல்ட் கேக்கும். லேப்டாப்புல குடுக்குறது இதுக்கு நாக்கு நனையக்கூடப் பத்தாது. அதுக்குத்தான் இந்த ஆம்ப் பெட்டி.”

“அப்ப ஹெட்போன்ல ஒண்ணுமில்ல?”

“நாந்தான் அன்னிக்கே சொன்னனே.”

“பெட்டியப் பத்திச் சொல்லலயே.”

“நீங்க உக்காந்தாத்தான சொல்றதுக்கு!” என்றாள் கொழுந்தியாள்.

பெட்டியின் பின்னால் இருந்த சின்ன விசையை மேலே தள்ளினார். ஹெட்போனை மாட்டினேன். மல்லிகை. பிறகு என் மனைவி.

கண்ணாடி இல்லை. அவள் என் நெற்றிக்கு முன்னால் நின்றாள். உதடு பிரிகிற ஈரம் கேட்டது. முதல் வரி முடிந்து மூச்சு வாங்குகிறாள். அந்த மூச்சுக்குப் பின்னால், மூடிய கதவுக்கு அப்பால், சரக், சரக் என்று ஒரு சத்தம். ரப்பர் செருப்பு. முன்னறைக் கோடி வரை போகிறது, திரும்புகிறது, வருகிறது. யார் இவன், என் வீட்டுக்குள், அவள் பாடும்போது? பிறகுதான் உறைத்தது. நான்தான். பாட்டு உச்சத்துக்கு ஏறுகிறது, செருப்பு மெதுவாகிறது, அவள் குரல் உச்சியில் போய் நிற்கும்போது செருப்பும் நின்றுவிடுகிறது. பாட்டு இறங்கி முடியும்வரை அது அசையவே இல்லை.

கழற்றினேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நின்னு கேட்டீங்கள்ல?” என்றாள் என் மனைவி. “இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லிருப்பீங்களா?”

“இதவா கோயிலுக்கு அனுப்புன?”

“அவுங்களுக்கு வேற பாடிக் குடுத்துட்டேன். நீங்க பள்ளிக்கூடம் போனப்ப. இது எனக்கு.”

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். பட்டேன். ஆனால் எறும்பு சாகவில்லை. நான் நின்றது எனக்கே தெரியாதபோது சகலைக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் நடந்த அந்த ஒரு நிற்றலை உலகத்தில் முதலில் கேட்டவர் அவர். அதை மட்டும் திருப்பி வாங்க முடியாது.

கிளம்பும் முன் சகலை, “எங்க, நானும் செத்த கேட்டுக்கிறேன்” என்று ஹெட்போனை வாங்கி மாட்டினார். கேட்கக் கேட்கப் புருவம் நெரிந்தது. கழற்றினார், திருப்பிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். வயரைச் சுருட்டிப் பெட்டியோடு பையில் வைத்தார். வாசலில் கொழுந்தியாள் ஏறி உட்கார்ந்தும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

“அண்ணே.”

“சொல்லுங்க சகலை.”

“மாத்துன பெறகு எங்க வீட்ல இம்புட்டுத் தெளிவா அந்தச் செருப்பு கேக்கலண்ணே. அன்னிக்கு மாத்துனதுல நல்லது உங்ககிட்ட வந்துருச்சு போல. திருப்பி மாத்திக்குவமா?”

நான் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு கால் நடக்கத் துடிக்கவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதான் சகலை. பாத்துப் போயிட்டு வாங்க.”