காட்டு மனிதனுக்கு ஒரு செக்கிங் ரிப்போர்ட்

இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஓட்டை, தையல் விட்டது, எண்ணெய்க் கறை எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது என்று அருள்புரம் பக்கம் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரால் வந்த வினைதான் இது.

ஒருநாள் டீ நேரத்தில் எங்கள் கட்டிங் மாஸ்டர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். எந்த ஊர்க் காடோ, மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ இரண்டு காலில் நடந்து போனது. ஆளுயரத்துக்கும் மேலே, உடம்பெல்லாம் முடி. குரங்கு மாதிரி இருக்கும் காட்டு மனிதன் என்றார். மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். ஒன்றை நம்பிவிட்டால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“ஏனுங்க மாஸ்டர், எவனோ தடியான முந்நூறு ஜிஎஸ்எம் ஃபிலீஸ் துணில தொப்பி வெச்ச சட்டை போட்டுட்டுப் போறானுங்க. முழங்கைல துணி மடியறதே தெரியுது,” என்றேன்.

“நீங்க பாக்காததெல்லாம் உலகத்துல இல்லாம போயிருமா மேடம்? எங்க மாமா பொதிகை மலைல தடம் பாத்திருக்காவ. ஒரு முழம் நீளமாம்!”

“கரடித் தடமா இருக்குமுங்க. மழைல கரைஞ்சு பெருசாயிருக்கும்.”

அன்றோடு விடவில்லை. பிசிறு வெட்டும் பெண்கள் பாதிப் பேர் மாஸ்டர் பக்கம் சேர்ந்தார்கள், அயர்ன் போடுகிறவர்கள் என் பக்கம். ஒரு வாரம் டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம். எனக்கு அதில் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது, ஏனென்றால் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

மேகாலயா மலையிலிருந்து வந்து எங்களிடம் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் ஒரு தம்பி இதையெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பியவன் ஒருநாள் என் டேபிளில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தான். உள்ளே சிவப்புக் கயிற்றோடு சேர்த்துப் பின்னிய செம்பட்டை முடிக்கற்றை ஒன்று, விரல் நீளத்துக்கு.

அவன் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் சொன்ன கதை இதுதான். அவன் அப்பா மூங்கில் வெட்டப் போன இடத்தில் காட்டு மனிதனைப் பார்த்திருக்கிறார். முள்ளில் சிக்கியிருந்த முடியை எடுத்து வந்து ஊரில் காட்டினார். சந்தையில் வாங்கிய பாலியஸ்டர் சால்வையிலிருந்து நூலை உருவிவந்து ஏமாற்றுகிறாய் என்று ஊரே சிரித்தது. பொய்யன் என்ற பட்டத்தோடுதான் அவர் செத்தார். அம்மா இத்தனை வருடம் அந்த முடியைப் பின்னிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

“அக்கா, உனக்கு நூலு தெரியும். இது நூலா, முடியா? அது மட்டும் சொல்லு.”

எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாஸ்டரும் நின்றார். துணியின் கண்ணிகளை எண்ணுகிற லென்ஸை விரித்து, கயிற்றிலிருந்து நான்கைந்து இழையைப் பிரித்துப் பார்த்தேன். எல்லா இழையும் ஒரே அளவில் நெளிந்திருந்தது. பின்னலாடைத் துணியிலிருந்து உருவிய நூல் அப்படித்தான் சுருண்டு நிற்கும், எத்தனை வருடமானாலும் கண்ணியின் வளைவை மறக்காது. எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

“உருவின பாலியஸ்டர் இழை. ரிஜெக்ட்,” என்றேன், மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே.

அந்தத் தம்பி இழைகளைக் கயிற்றோடு வைத்து, கவரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிஷினுக்குப் போனான். அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. மாஸ்டர் மட்டும், “ஜெயிச்சிட்டிய, சரி. அவன் மொகத்தப் பாத்தியளா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கப் பின்னலை அவிழ்த்தேன். ஒரு முடி உதிர்ந்து ஜன்னல் வெளிச்சத்தில் கையில் நின்றது. ஒரே அளவில் நெளிநெளியாக! பின்னி வைத்தால் எந்த முடியும் நெளியும். அவன் அம்மா பின்னி வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன், என் கையாலேயே பிரித்தேன். நூல் என்ன நூல் என்று தெரியவேண்டுமானால் முதலில் கொளுத்திப் பார்ப்போம், அது தொழிலுக்கு வந்த முதல் நாளே படித்தது. அதைக்கூடச் செய்யவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரைச் சொல்லித் திரிந்தவள் நான். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவனிடம் போய், “தம்பி, நான் தப்பாச் சொல்லிட்டனுங்க. ஒரே ஒரு இழை குடுக்கறீங்களா?” என்றேன். கவரைப் பிரித்துப் பார்த்தான். இருப்பதே கொஞ்சம். பிறகு தானே ஒன்றைப் பிரித்துக் கொடுத்தான்.

கம்பெனிக்குள் நெருப்பு ஆகாது. அவனையும் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, டீக்கடைப் பக்கம் போய்த் தீக்குச்சி கிழித்தேன். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டி மணியாக உருளும். இது உருகவில்லை. சுருண்டு பொசுங்கியது, விரலால் தொட்டதும் பொடியானது. முடி கருகும் நாற்றம் மாஸ்டர் மூக்குவரை போனது.

“நான் அப்பமே சொன்னம்லா! காட்டு மனுஷந்தான்!” என்று அவர் குதித்தார்.

“அட இருங்க மாஸ்டர். கரடியா இருக்கும், காட்டாடா இருக்கும். முடிங்கற வரைக்கும்தான் தெரிஞ்சுது.”

தம்பி எங்கள் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. “நூலு இல்லையா அக்கா? எழுதிக் குடு,” என்றான்.

எங்கள் தொழிலில் தீர்ப்பு மூன்று. பாஸ், ரிஜெக்ட், முடிவு தெரியும்வரை தனியே எடுத்து வைக்கிற ஹோல்டு. ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்: ஒரு இழை, கொளுத்திப் பார்த்தது, நூல் அல்ல, முடி. என்ன உயிரினம்: ஹோல்டு. தம்பியின் அப்பா சொன்ன சொல்: நூலை உருவவில்லை, பாஸ். கையெழுத்துப் போட்டு, மாஸ்டரிடமும் ஒரு கையெழுத்து வாங்கினேன். இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுத் தாளைக் காட்டினான். அந்த அம்மாவுக்குத் தமிழும் தெரியாது, என்னையும் தெரியாது. என்னைச் சொல்லச் சொன்னாள். “நூல் இல்லீங்க,” என்றேன். அவன் மொழிபெயர்த்தான். அவள் திரையிலிருந்து எழுந்து எங்கோ ஓடினாள். திரும்பி வந்தபோது கூட நான்கைந்து பேர். அவர்களில் ஒரு கிழவரைப் பார்த்ததும் தம்பியின் முகம் இறுகியது. அப்பாவைப் பார்த்து முதலில் சிரித்த ஆள் அவர்தான் என்று என் காதில் சொன்னான்.

மறுபடி சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அம்மா ஒன்று கேட்டாள்.

“அப்பா பேரு சொல்லி, சொல்லணுமாம் அக்கா.”

அவன் பேரைச் சொல்லிக் கொடுத்தான். என் நாக்கில் அது சட்டென்று புரளவில்லை. இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவது தடவை சரியாகச் சொல்லி, “அவர் பொய் சொல்லலீங்க,” என்றேன்.